பழனிக்கு நடக்கிறவர்கள் முதல் நாள் மெதுவாக நடங்கள்

தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் கிளம்பி, பாதி வழியில் பஸ் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் தெம்பில்லாத ஆட்கள் இல்லை. முதல் நாள் கூட்டத்துக்கெல்லாம் முன்னால் வேகமாகப் போனவர்கள்தான். ஊர் எல்லையில் மேளமும் அரோகரா சத்தமுமாக வழியனுப்பும்போது கால் தானாக ஓடும். அன்றைக்கு வலி தெரியாது. உள்ளங்காலில் விழுந்த கொப்புளமும் முழங்காலில் ஏறிய வீக்கமும் மூன்றாம் நாள் விடிகாலையில் எழுந்து நிற்கும்போதுதான் கணக்குக் கேட்கும்.

காரைக்குடிப் பக்கமிருந்து போகும் பாதையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. நகரத்தார் காவடி போகும் பழைய வழி. மொத்தம் சுமார் 160 கி.மீ. இதை ஐந்து நாளில் முடிக்கிறவர்கள் உண்டு. முதல் தடவை போகிறவர் ஏழு நாள் வைத்துக்கொள்வது நல்லது. நாளுக்கு 22 முதல் 25 கி.மீ. என்றால் உடம்பு தாங்கும். முதல் நாள் மட்டும் 18 கி.மீ.க்கு மேல் வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். நத்தம்–திண்டுக்கல் 35 கி.மீ.க்கு மேல் வரும். அதை ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காமல் கோபால்பட்டியிலோ சாணார்பட்டியிலோ இரவு தங்கிவிடுங்கள். திண்டுக்கல்லில் இருந்து பழனி சுமார் 60 கி.மீ. கடைசிக் கட்டம்தானே என்று இரண்டே நடையில் முடிக்க நினைப்பவர்கள்தான் கடைசி நாளில் நொண்டுகிறார்கள்.

விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 48 நாளோ 21 நாளோ, மாலை போடுவது அவரவர் வழக்கம். ஆனால் ஒருவேளைச் சாப்பாடு என்று மாதக் கணக்கில் உடம்பை ஒடுக்கிவிட்டு, கடைசியில் 160 கி.மீ. நடக்கக் கிளம்புவது சரிப்படாது. கறி, மீனை நிறுத்தியதும் தட்டில் வெறும் சோறு மட்டும் மிஞ்சக் கூடாது. பருப்பு, சுண்டல், மோர், நிலக்கடலை நிறையச் சேருங்கள்.

பழக்கம்

ஆறு வாரத்துக்கு முன்பே நடையைத் தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் வாரத்தில் நாலு நாள், 5 கி.மீ. மூன்றாவது வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் 10, பிறகு 14 என்று கூட்டுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து 18 கி.மீ. நடந்து பார்த்துவிட வேண்டும். ஒரே நாள் 30 கி.மீ. நடந்து பார்ப்பதைவிட இதுதான் உண்மையைச் சொல்லும். முதல் நாள் நடை யாருக்கும் வரும். வலித்த காலோடு மறுநாள் காலை நடப்பதுதான் யாத்திரை. கடைசி ஐந்து நாள் நீண்ட நடை வேண்டாம்.

வெறுங்காலில் நடப்பதாக வேண்டுதல் என்றால் இந்தப் பழக்கமும் வெறுங்காலில்தான். வழுவழுப்பான வீட்டுத் தரையில் நடந்து பயனில்லை, தார் ரோட்டிலும் மண்ணிலும் நடந்தால்தான் தோல் தடிக்கும். பித்தவெடிப்பு இருப்பவர்கள் ஒரு மாதம் முன்பே ராத்திரி தேங்காயெண்ணெய் தடவி ஆற்றிக்கொள்ளுங்கள். வெடிப்போடு தாரில் இறங்கினால் இரண்டாம் நாளே பிளந்து ரத்தம் வரும். தடித்த தோலைக் கல்லால் தேய்த்து மெல்லிசாக்கிவிட வேண்டாம், அதுதான் உங்கள் செருப்பு. கால் நகத்தைக் கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பே நேராக வெட்டுங்கள். முந்தின இரவு ஒட்ட வெட்டினால் நகக்கண் உறுத்திச் சீழ் பிடிக்கும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று கருவேல முள் சொல்லும்.

செருப்புப் போட்டு நடக்கிறவர்கள் செய்யும் தப்பு, யாத்திரைக்கென்று புதுச் செருப்பு வாங்குவது. குறைந்தது ஒரு மாதம் காலில் பழகியதாக இருக்க வேண்டும். ரப்பர் ஹவாய் செருப்பு இதற்கு ஆகாது. பெருவிரல் இடுக்கில் வார் அறுத்துப் புண்ணாக்கும். குதிகாலும் பிடிமானம் இல்லாமல் தட்டிக்கொண்டே வரும். பின்னால் வார் உள்ள, கால் வீங்கினால் தளர்த்திக்கொள்ளக்கூடிய செருப்பு சரி. ஷூ என்றால் வழக்கத்தைவிட அரை அளவு பெரிது. நாலாம் நாள் உங்கள் கால் பழைய கால் அளவில் இருக்காது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒளிவு மறைவில்லாமல் சொல்ல வேண்டியது: வெறுங்கால் வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் தைத்ததும் தெரியாது, தார் சுட்டதும் தெரியாது. மருத்துவரிடம் காட்டி, மாத்திரை அளவு, ஊசி அளவு எல்லாம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கும். வேர்த்து, கை நடுங்கி, கண் மங்கினால் உடனே குளுக்கோஸோ வெல்லமோ வாயில் போட வேண்டும். அது மடியில் இருக்க வேண்டும், சாமான் வண்டியில் அல்ல.

பை

குழுவாகப் போனால் சாமான் வண்டி கூடவே வரும். அப்போதும் தோளில் ஒரு சின்னப் பை தேவை, 2 கிலோவுக்குள். வண்டி இல்லாமல் போகிறவர் பை 5 கிலோவைத் தாண்டக் கூடாது. கட்டி முடித்ததும் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். இரண்டு வேட்டி, இரண்டு துண்டு, ஒரு போர்வை, கீழே விரிக்க பிளாஸ்டிக் சாக்கு, மப்ளர் அல்லது குல்லா. தை மாதப் பனி ராத்திரியில் தலையில் இறங்கும், திண்டுக்கல் பக்கம் விடிகாலைக் குளிர் நன்றாகவே உறைக்கும். டார்ச், பவர் பேங்க், ஒரு லிட்டர் பாட்டில், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து, தேங்காயெண்ணெய் அல்லது வாசலின், பேப்பர் பிளாஸ்திரி ஒரு சுருள், பஞ்சு, டிங்சர், ஊசி, ஊக்கு, பாராசிட்டமால், உங்கள் வழக்கமான மருந்து. பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் பணம். பெயரும் வீட்டு நம்பரும் எழுதிய அட்டை ஒன்று கழுத்தில். குழந்தை கூட வந்தால் அதன் கையில் பேனாவாலேயே நம்பரை எழுதிவிடலாம்.

நடக்கும் நேரம்

விடிகாலை 3 மணிக்கு எழுந்து நாலுக்குள் கிளம்பி, 9 மணிக்கு நிறுத்துங்கள். மறுபடி மாலை 4 முதல் 8 வரை. நடுவில் குளியல், சாப்பாடு, தூக்கம். தை மாதம்தானே என்று வெயிலை லேசாக நினைக்க வேண்டாம். பதினோரு மணித் தார், வெறுங்காலைப் பழுக்க வைத்துவிடும். நேரம் தப்பிவிட்டால் ரோட்டோரம் அடித்திருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் நடப்பதைப் பழைய ஆட்களிடம் பார்க்கலாம். கறுப்புத் தார் வாங்கும் சூட்டை வெள்ளைப் பெயின்ட் வாங்காது, வழவழப்பாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் லாரி போகிறது என்பதை மறக்கக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மண்ணில் இறங்கினால் சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சியும். முள் தைத்தால் அதே இடத்தில் நின்று ஊக்கால் எடுத்துவிட்டுத்தான் அடுத்த அடி. முனை உள்ளே ஒடிந்துவிட்டால் நோண்டிக்கொண்டே இருக்காமல், வழியிலுள்ள மருத்துவ முகாமில் காட்டுங்கள்.

வேகம் மணிக்கு 4 கி.மீ. போதும். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா, அதுதான் அளவு. 50 நிமிடம் நடந்து 10 நிமிடம் உட்காருங்கள். உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் பையின் மேலோ சுவரின் மேலோ தூக்கி வையுங்கள். அரை மணிக்கு மேல் உட்கார்ந்தால் கால் விறைத்துப்போய், எழுந்து நடப்பதே பெரும்பாடாகும்.

நிலாக் கணக்கு ஒன்று இருக்கிறது. பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் யாத்திரை முழுக்க வளர்பிறை. ஆறேழு நாள் முன்னால் கிளம்புகிறவர்களுக்கு மாலை நடையில் நிலா இருக்கும், நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும். அதாவது நீங்கள் நடக்கும் விடிகாலை 4 மணி கும்மிருட்டு. ஆகவே முதல் நாட்களில் டார்ச்சும், முதுகில் ஒளிரும் பட்டையும் கட்டாயம். வழியில் போலீஸார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் கிழித்துப் போடாதீர்கள். உடுத்தியிருப்பது காவி, பச்சை, நீலம் எதுவானாலும் இருட்டில் லாரி டிரைவருக்குக் கறுப்புதான்.

நடைபாதை தனியாகப் போட்டிருக்கும் இடங்களில் அதில்தான் நடக்க வேண்டும். திண்டுக்கல்லைத் தாண்டியதும் பல இடங்களில் உண்டு. இல்லாத இடத்தில் ரோட்டின் வலது ஓரம், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி, ஒருவர் பின் ஒருவராக. நாலு பேர் தோளோடு தோள் சேர்ந்து பேசிக்கொண்டு போவதில்தான் விபத்து நடக்கிறது. ஒட்டன்சத்திரத்தில் கூடுதல் கவனம். பெரிய காய்கறிச் சந்தை, லாரிகள் இரவெல்லாம் வரும் போகும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு ஹாரன் கேட்காது. பாட்டு வேண்டுமென்றால் வாயால் பாடுங்கள். கூட்டமாகக் காவடிச் சிந்து பாடினால் நடையும் சீராகும்.

கால்

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. அரை மணி நேரம் முன்பே ஒரு இடம் சூடாக உறுத்தும். அந்த நேரத்தில் நின்றால் ஐந்து நிமிட வேலை: காலைத் துடைத்து, காயவிட்டு, உறுத்தும் இடத்தில் பேப்பர் பிளாஸ்திரியைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டி, அதன் மேல் லேசாக எண்ணெய். அடுத்த மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தால் மூன்று நாள் வேலை.

சின்னக் கொப்புளத்தைத் தொட வேண்டாம். நடக்கவே விடாத பெரிய கொப்புளமாக இருந்தால்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊசியை டிங்சரில் துடையுங்கள். நடுவில் குத்தாமல், கொப்புளத்தின் ஓரத்தில், தரையை ஒட்டிய பக்கமாக இரண்டு இடத்தில் குத்துங்கள். பஞ்சால் மெல்ல அமுக்கினால் நீர் வடிந்துவிடும். மேல்தோலை மட்டும் உரித்துவிடாதீர்கள், அதைவிட நல்ல கட்டு எந்தக் கடையிலும் இல்லை. டிங்சர் தொட்டு, பஞ்சு வைத்து, பிளாஸ்திரி. நூலைக் கோத்து உள்ளேயே விட்டுவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த நூல் வழியாகவே அழுக்கு ஏறிச் சீழ் பிடிக்கும். சர்க்கரை நோயாளிகள் இதைத் தாங்களே செய்யக் கூடாது.

வெறுங்காலுக்கு சாக்ஸ் போட்டு நடப்பவர்கள் இரண்டு மணிக்கு ஒருமுறை கழற்றி உதற வேண்டும். உள்ளே போன பொடிக்கல்லும் ஈரமும் சேர்ந்தால் சாக்ஸ் இல்லாமல் நடப்பதைவிட மோசம். வழியில் ரோட்டை நனைக்கத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், அந்த ஈரத்தில் நடந்தால் சுகமாக இருக்கும். ஊறிய தோல் சீக்கிரம் கிழியும் என்பதால், தாண்டியதும் காலைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

பாதத்தைவிட அதிகம் படுத்துவதும், வெட்கப்பட்டு யாரும் வெளியே சொல்லாததும் தொடை உரசல்தான். வேர்வை உப்பும் ஈர வேட்டியும் சேர்ந்து உள்தொடையை அறுத்துவிடும். காலையில் குளித்து நன்றாகத் துவட்டி, கிளம்பும் முன் வாசலினோ தேங்காயெண்ணெயோ தாராளமாகத் தடவுங்கள். வேட்டிக்குள்ளே தொடைவரை இறுக்கமாக இருக்கும் உள்ளாடை பெரிய உதவி. குளித்த ஈரத்தோடு நடக்காதீர்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் நிதானம் வேண்டும். டைக்ளோஃபினாக் போன்றவற்றை வெறும் வயிற்றில், தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், வேளைக்கு ஒன்று என்று போட்டால் வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் கெடும். பாராசிட்டமால் போதும். அதற்கும் அடங்காத வலி என்றால் அன்றைய நடையை நிறுத்த வேண்டும்.

வயிறு

வழியெல்லாம் அன்னதானம். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. ஆனால் நடையை நிறுத்துவதில் காலுக்கு அடுத்தது வயிறுதான். ஆவி பறக்கும் சாதம், இட்லி, சுண்டல், புளியோதரை நம்பிச் சாப்பிடலாம். காலையில் அரைத்து மதியம்வரை திறந்திருக்கும் தேங்காய்ச் சட்னி, ஐஸ் கலந்த ரோஸ் மில்க், வெட்டி வைத்து ஈ மொய்த்த பழம் இவற்றைக் கும்பிட்டு நகர்ந்துவிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டு நடப்பது கஷ்டம். அரை வயிறாக நாலு தடவை. இலையையும் கப்பையும் ரோட்டில் எறியாதீர்கள், பின்னால் வெறுங்காலில் ஒருவர் வருகிறார்.

தண்ணீர் தாகத்துக்குக் காத்திருக்காமல், அரை மணிக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் வேர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலியும் குமட்டலும் வரும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நாளுக்கு இரண்டு லிட்டராவது ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட மோர். பாக்கெட் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சர்க்கரை தலை தட்டி ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உப்பை இதற்கு மேல் கூட்டக் கூடாது. ரத்தக்கொதிப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவுப்படி. சிறுநீர் தேன் நிறத்தில் போனால் குடித்தது போதவில்லை.

பெண்கள் பலர் தண்ணீரைக் குறைப்பதே கழிப்பிடம் இல்லாததால்தான். அதன் பலன் மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு. இருட்டில் நடக்கும்போது பெட்ரோல் பங்க், மண்டபம், கோயில் எங்கே இருக்கிறது என்று முன்பே கேட்டு வைத்து, இரண்டு பேராகப் போய் வாருங்கள். குழுத்தலைவர்கள் தங்குமிடம் பார்க்கும்போது முதலில் விசாரிக்க வேண்டியது கழிப்பறை, பிறகுதான் பந்தல். புடவையைவிடச் சுடிதார் வசதி. நனைந்த புடவைக் கரை கணுக்காலை அறுக்கும்.

தூங்கும் இடம் மண்டபமோ பள்ளிக்கூடமோ பந்தலோ, ரோட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். நிற்கிற லாரிக்கு அடியிலோ சக்கரத்துக்குப் பக்கத்திலோ நிழலுக்காகக்கூடப் படுக்காதீர்கள்.

மனம்

மூன்றாம் நாள் எல்லோருக்கும் கோபம் வரும். ஏன் வந்தோம் என்று தோன்றும், கூட வருகிறவர் நடக்கும் சத்தமே எரிச்சலாக இருக்கும். குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த நாளில்தான், சாமான் வண்டி தாமதமானது போன்ற அற்பக் காரணத்துக்கு. தூக்கமும் உப்பும் குறைந்த உடம்பின் கோபம் அது. மோர் குடித்து ஒரு மணி நேரம் தூங்கினால் பாதி போய்விடும். அன்றைக்கு விடிகாலை நடையில் ஒரு மணி நேரம் யாரும் பேசுவதில்லை என்று குழுவாக முடிவு செய்துகொள்ளலாம். மைக் செட் வண்டியை அந்த நேரம் அணைத்துவிட்டால், பனியில் நடக்கும் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். வேண்டுதலை நினைத்துப் பார்க்க அதைவிட நல்ல நேரம் பகலில் கிடைக்காது.

குழுவின் வேகத்தைக் கடைசியில் வருபவர் தீர்மானிக்க வேண்டும். நடை தெரிந்த ஒருவர் எப்போதும் வால் பகுதியில் இருக்கட்டும். நடக்க முடியாமல் வண்டியில் ஏறியவரைக் கேலி பேசும் குழுவோடு போகாமலிருப்பதே மேல். வேண்டுதல் முறிந்துவிட்டது என்று அவரே நொந்துபோயிருப்பார்.

பழனி

ஒட்டன்சத்திரம் தாண்டினால் விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி. ஆயக்குடிக் கொய்யா பேர்போனது, கழுவிச் சாப்பிடுங்கள். மலை கண்ணில் பட்டதும் மறுபடி முதல் நாள் வேகம் காலுக்கு வரும். ஆறு நாள் தேய்ந்த முழங்கால் கடைசி 10 கி.மீ.யில் பிசகுவது இப்படித்தான். வழக்கமான நடையிலேயே போங்கள்.

வந்த கையோடு மலை ஏறாதீர்கள். சண்முக நதியிலோ தங்கும் இடத்திலோ குளித்து, சாப்பிட்டு, மூன்று நாலு மணி நேரம் படுத்து எழுந்து, கிரிவலம் முடித்து ஏறலாம். தைப்பூசத் திருவிழாவின் கொடியேற்றம் ஊருக்குள் இருக்கும் பெரியநாயகி அம்மன் கோயிலில்; 10 நாள் விழா. பூசத்தன்று தேரும் ஊருக்குள்தான் ஓடுகிறது. மலைமேல் தேர் பார்க்கலாம் என்று வரிசையில் நின்று ஏமாறுகிறவர்கள் வருடா வருடம் உண்டு. பூசத்தன்றும் முந்தின நாளும் தரிசன வரிசை பல மணி நேரம் நீளும். கூட்டத்தில் நிற்க முடியாதவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே வந்து சேரும்படி கிளம்புவது புத்திசாலித்தனம்.

படிப்பாதை 693 படி. முழங்கால் வீங்கியவர்களுக்குச் சரிவாகப் போகும் யானைப்பாதை நல்லது. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் அடி வாங்கும், கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குங்கள். கூட்ட நாட்களில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று பிரித்துவிடுவார்கள். ரோப் காரும் வின்ச்சும் அன்றைக்குக் கைகொடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம், அதற்கும் அதே வரிசைதான். மலைக்கோயிலுக்குள் 2023 அக்டோபர் முதல் செல்போனுக்குத் தடை, அடிவாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே, எத்தனை மணிக்குக் கூடுவது என்று போனைக் கொடுப்பதற்கு முன்பே பேசிவையுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஆறு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பாதம் பொம்மென்று வீங்கும். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நாலு எட்டு நடங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் எண்ணெய் போட்டு நீவாமல் மருத்துவரிடம் போங்கள். கொப்புளம் ஆறும்வரை, ஒரு வாரம் பத்து நாள், காலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நன்றாகத் துடைத்து, வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.